நவச்சாரத்திலிருந்து வெடியுப்பு வரை

பதினைந்து இறால்களில் முதலாவது செத்தது ஒரு வியாழக்கிழமை காலை. செத்த இறாலை அடையாளம் காண்பது எளிது. உயிரோடு இருக்கும்போது சிவப்புக் கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பது, செத்ததும் குழம்பில் வெந்த இறாலைப் போல வெளிறிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினைந்தும் போய்விட்டன.

தண்ணீர் மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது. முப்பது லிட்டர் தொட்டி. கழுவிய மணல், ஒரு துண்டு மரவேர், இரண்டு செடி, காற்றுக்குமிழி விடும் பஞ்சு வடிகட்டி. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் போனபிறகுதான் ஊற்றினேன். தொட்டிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ராகுகாலம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. இதில் எதற்குச் சாக வேண்டும்?

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "தண்ணி எத்தன நாளா ஓடுது தம்பி?" என்றார்.

"ரெண்டு நாள் ஓடவிட்டுத்தாண்ணே விட்டேன். குளோரினெல்லாம் போயிருச்சு."

"குளோரின் போறது வேற, தண்ணி பழகுறது வேற. தொட்டி வாங்குறப்பவே சொன்னேன்ல. தண்ணி இன்னும் பழகல."

சொல்லியிருந்தார்தான். நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் தொழிலில் காத்திருப்பு என்பது சரிசெய்யப்பட வேண்டிய ஒரு பிழை. ஒரு பக்கம் திறக்க மூன்று நொடி ஆனால் ஏன் என்று கூட்டம் போடுவோம். ஒரு தொட்டித் தண்ணீர் ஒரு மாதம் சும்மா ஓட வேண்டும் என்பது என் காதில் விழவே இல்லை.

ஆனால் அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவார்கள். புது மண்சட்டியில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவார்கள். வண்டிமாட்டைப் பழக்குவார்கள். தண்ணீர் எதற்குப் பழகும்? யாரோடு பழகும்?

*

மதுரைக்காரனுக்கு மீன் புதிதில்லை. பாண்டியர் கொடியில் மீன். ஊரை ஆள்பவள் பெயரிலேயே மீன். ஆனால் அவள் கோயிலின் பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் என்று ஒன்று உண்டு. குளம் வற்றி இரை தேடி அலைந்த நாரை ஒன்று, முனிவர்கள் நீராடும் பொய்கைக்கு வருகிறது. அவர்கள்மீது புரண்டு விளையாடும் மீன்களைத் தின்ன மனம் வராமல் பட்டினி கிடக்கிறது. அவர்கள் வாயால் மதுரையின் பெருமையைக் கேட்டு இங்கே வந்து தவம் செய்கிறது. இறைவன் தோன்றி என்ன வேண்டும் என்றபோது, முத்தியோடு இன்னொன்றும் கேட்கிறது: இந்தக் குளத்தில் மீனே இருக்க வேண்டாம், என் இனத்துப் பறவைகள் இங்கே மீன் தின்று பாவம் சேர்க்க வேண்டாம்.

சின்ன வயதில் கேட்டபோது நாரை நல்ல நாரை என்று மட்டும் தோன்றியது. இறால்கள் செத்த வாரத்தில் அதே கதையை வேறு மாதிரி யோசித்தேன். அந்தக் கதையில் தூய நீர் என்பது தின்பதும் தின்னப்படுவதும் இல்லாத நீர். அப்படியென்றால் கழிவும் இல்லை, அழுகலும் இல்லை. என் தொட்டியும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. இறாலை விட்டதும் அது மாறியது. இறால் தின்றது, கழித்தது. நான் பாசத்தில் அள்ளிப் போட்ட தீனியின் மிச்சம் மணலுக்குள் அழுகியது. அழுகும் புரதத்திலிருந்து அம்மோனியா வந்தது. அதற்கு நிறம் கிடையாது. சோதனைக் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டபோதுதான் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையானது. தண்ணீரின் காரத்தன்மை எட்டைத் தொட்டிருந்தது. காரம் ஏற ஏற அம்மோனியாவின் நச்சும் ஏறும்.

பளிங்கு மாதிரித் தெரிந்தது விஷம்.

*

கண்ணாடிக்குள் நீரையும் உயிரையும் அடைத்து வைத்து அது ஏன் சாகிறது என்று கவலைப்பட்ட முதல் ஆள் நானில்லை. இங்கிலாந்தில் கண்ணாடிமீதான வரி 1845இல் நீங்கியது. கண்ணாடி மலிவானதும் நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறைக்குச் செடிப் பெட்டிகளும் நீர்ப் பெட்டிகளும் வந்தன. அதற்கு முன்பே, 1832இல், சிசிலியில் ழான் வில்லெப்ரூ-பவர் என்ற பெண்மணி கடலுயிர்களை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகள் செய்திருந்தார். ஆனால் வீட்டுத் தொட்டியின் கதை பெரும்பாலும் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டனிடமிருந்துதான் தொடங்கும்.

வாரிங்டன் பன்னிரண்டு காலன் கொள்ளளவுள்ள ஒரு கண்ணாடிக் கலத்தில், நம் கணக்கில் ஏறத்தாழ 54 லிட்டர், மணலும் கல்லும் போட்டு, வாலிஸ்நேரியா என்ற நாடா இலை நீர்ச்செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி தரும் உயிர்வாயுவை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, முட்டையிட்டது. முட்டை மீனுக்குத் தீனியானது. நீர் தெளிந்தது. 1850இல் இதை வேதியியல் சங்கத்துக்கு அறிக்கையாகக் கொடுத்தார். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச்சாலை மீன்களுக்கென ஒரு கூடம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லை நாடெங்கும் பரப்பியது.

அந்த மோகம் கப்பலேறி நம் கடற்கரைக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சியில் 1909இல் மெரினாவில் மீன்காட்சியகம் ஒன்று திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. தர்ஸ்டனுக்குப் பின் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்ற ஜே. ஆர். ஹெண்டர்சன், ஜார்ஜ் மத்தாய் என்பவரோடு சேர்ந்து தென்னிந்திய நன்னீர் இறால்களைப் பற்றி 1910இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் ஆறு, கண்மாய்களில் கிடக்கும் இறால்களுக்கு அறிவியல் பெயர் ஏறிய காலம் அது. மேலூர்ப் பக்கம் என் அம்மாவின் ஊரில் கூனி என்று ஒரே பெயரில் சட்டியில் போட்டுவிடுவார்கள்.

வாரிங்டனுக்குத் திரும்புவோம். அவர் கணக்கில் மீன், செடி, நத்தை என்று மூன்று பேர். மூவரும் கண்ணுக்குத் தெரிபவர்கள். நான்காவதாக ஒரு கூட்டம் அந்தக் கலத்தின் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு முக்கால்வாசி வேலையைப் பார்த்தது அவருக்குத் தெரிய வழியில்லை. 1867இல் அவர் இறந்தார். பதில் பத்து ஆண்டு கழித்து வந்தது. வந்த இடம் மீன் தொட்டி இல்லை, பாரிஸ் நகரச் சாக்கடை.

*

சாக்கடைக்குப் போகும் முன் வெடிமருந்துக்குப் போக வேண்டும்.

பீரங்கிக் காலம் முழுவதும் அரசுகள் தேடி அலைந்த ஒரு பொருள் வெடியுப்பு. பொட்டிலுப்பு என்றும் சொல்வோம். பீகாரின் கிராமங்களில் மாடு கட்டும் தரையிலும் வீட்டுச் சுவர் ஓரங்களிலும் மழை நின்றபின் வெள்ளையாகப் பூக்கும் மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுப்பார்கள். நோனியா என்ற சாதியாரின் குலத்தொழில் அது. பிளாசிப் போர் முடிந்த மறு ஆண்டு, 1758இல், கிழக்கிந்தியக் கம்பெனி பீகார் வெடியுப்பின் ஏகபோக உரிமையைக் கையில் எடுத்தது. ஐரோப்பாவின் போர்க்களங்களில் வெடித்ததில் பெரும்பங்கு பீகார் மாட்டுத்தொழுவத்து மண்.

பிரான்சு போன்ற நாடுகள் செயற்கையாகவே உப்புப் பாத்தி போட்டன. சாணம், மூத்திரம், சாம்பல், சுண்ணாம்பு எல்லாவற்றையும் கூரைக்குக் கீழே குவித்து, ஈரம் காயாமல் கிளறிக் கிளறி மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மூத்திரத்தின் அம்மோனியா எப்படியோ நைட்ரேட்டாக மாறும். எப்படி? காற்றிலுள்ள உயிர்வாயு நேரடியாகச் செய்யும் வேலை என்று பலர் நம்பினார்கள். உயிரின் வேலையாக இருக்கலாம் என்று 1862இல் பாஸ்டர் ஊகித்தார். நிரூபணம் இல்லை.

1877இல் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். அவர்களின் கேள்வி சாக்கடை நீரை மண் எப்படிச் சுத்தம் செய்கிறது என்பது. ஒரு மீட்டர் நீளக் குழாயில் சுட்டெடுத்த மணலையும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் பொடியையும் நிரப்பினார்கள். மேலே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கீழே வருவதைச் சோதித்தார்கள். அம்மோனியா போனபடியே வந்தது. அடுத்த நாளும் அப்படியே. இருபது நாள் அப்படியே. அதற்குப் பிறகு கீழே நைட்ரேட் வரத் தொடங்கியது, நாளுக்கு நாள் கூடியது, கடைசியில் அம்மோனியா சுத்தமாக நின்றது.

இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தக் குழாயில் நடந்ததுதான் ஒவ்வொரு புதுத் தொட்டியிலும் நடப்பது. ஆனால் என்னை எழுப்பியது அவர்கள் எடுத்த முடிவு. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். மணல் அதே மணல், காற்று அதே காற்று. இருபது நாள் எடுத்துக்கொண்டது என்றால், உள்ளே எதுவோ பிறந்து பெருகிக்கொண்டிருந்தது என்று பொருள். அந்தத் தாமதம்தான் சாட்சி. பிறகு குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியை விட்டார்கள். வேலை நின்றது. ஆவி போனபின்னும் தானாகத் தொடங்கவில்லை. நல்ல மண்ணைக் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி தொடங்கியது.

நம் வீடுகளில் இதற்குப் பெயர் உறை ஊற்றுவது.

அந்தச் செய்தி இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வுப் பண்ணையை எட்டியது. அங்கே வயல் மண்ணில் உரத்தின் அம்மோனியா என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் அந்த வேலையைக் கையில் எடுத்தார். பதினைந்து ஆண்டுக்கு நெருக்கமாக அதிலேயே கிடந்து, இது ஒரு படியில் முடிவதில்லை, இரண்டு படி என்று காட்டினார். ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தங்கமீன் வாரிங்டனின் மகன்.

அப்பாவின் தொட்டி ஏன் கெடாமல் நின்றது என்பதற்கான பாதிப் பதில், மகன் கையில் வயல் மண்ணாக இருந்தது. அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க மகனாலும் முடியவில்லை. வழக்கமாக நுண்ணுயிர் வளர்க்கும் சத்தான கூழில் அவை வளர மறுத்தன. 1890இல் சூரிச்சில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய ஆய்வாளர் சத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் உப்புகளைக் கொடுத்து அவற்றைப் பிடித்தார். இவை அம்மோனியாவை எரித்தே பிழைப்பவை, கரியமில வாயுவிலிருந்தே உடம்பைக் கட்டிக்கொள்பவை. சூரியனும் வேண்டாம், சோறும் வேண்டாம். கதை அங்கே முடியவில்லை. வீட்டுத் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது பாடப்புத்தகத்து நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரிந்தது. இரண்டு படியையும் ஒரே உயிர் செய்ய முடியும் என்று 2015இல் தெரிந்தது.

*

இரண்டாவது முறை தொட்டியை இறால் இல்லாமலே பழக்குவது என்று முடிவெடுத்தேன். அதற்கு அம்மோனியா வேண்டும். தீனியைப் போட்டு அழுகவிடலாம், ஆனால் அளவு கைக்குள் நிற்காது. அம்மோனியம் குளோரைடு என்றால் கணக்குப் போடலாம். அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது குப்பென்று வெண்புகை கிளம்புமே, அது.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். எடுத்துக் கொடுத்தவர் "எதுக்கு?" என்றார். "மீன் தொட்டிக்கு" என்றேன். மறுபடி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். அலமாரியில் கையெழுத்துச் சீட்டு ஒட்டிய டப்பாக்கள். சித்த மருத்துவத்தின் உப்பு வரிசையில் நவச்சாரமும் உண்டு, வெடியுப்பும் உண்டு. இரண்டு சீட்டும் ஒரே தட்டில் இருந்தன. ஒன்று என் தொட்டியின் தொடக்கம், மற்றது அதன் முடிவு. நடுவில் ஒரு முழம் பலகை. அந்த ஒரு முழத்தைக் கடக்கத்தான் இருபது நாள்.

பத்துக் கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டேன். அதில் இருபது மில்லி ஊற்றினால் முப்பது லிட்டருக்கு அம்மோனியா பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. கடைக்காரர் தன் பழைய தொட்டியின் பஞ்சை ஒரு பிளாஸ்டிக் பையில் பிழிந்து கொடுத்திருந்தார். காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஊற்றியதும் தொட்டி முழுக்கக் கலங்கியது. முன்பு பளிங்காக இருந்த இடத்தில் இப்போது காலண்டரே தெரியவில்லை.

"காசு குடுத்து சாக்கடைய வாங்கி ஊத்துறான்" என்றாள் அம்மா.

முதல் வாரம் குப்பியில் பச்சை. எட்டாம் நாள் நைட்ரைட் சோதனையில் முதல் ஊதா. அம்மோனியா இறங்க இறங்க ஊதா கறுத்தது. நைட்ரைட்டும் நஞ்சுதான், இந்தக் கட்டத்தில் அம்மோனியா இறங்கிவிட்டதே என்று அவசரப்பட்டு இறால் விடுபவர்களும் உண்டு. பதினெட்டாம் நாள் ஊதா வெளிறத் தொடங்கியது. இருபத்து மூன்றாம் நாள் இரவு இருபது மில்லி ஊற்றினேன். மறுநாள் இரவு அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. நைட்ரேட் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. கரைசலாக இருந்தாலும் அது வெடியுப்பின் சொந்தக்காரன். தண்ணீரில் பாதியை மாற்றினேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் விட்டேன். இறால் மேய்வது தீனியை மட்டும் இல்லை. கல், வேர், கண்ணாடி எல்லாவற்றிலும் வழவழப்பாகப் படியும் நுண்ணுயிர்த் தோலைத்தான் பகல் முழுக்கச் சுரண்டித் தின்னும். குஞ்சு இறாலுக்கு அதுதான் பால்சோறு. தண்ணீரைப் பழக்கும் கூட்டமும் அந்தத் தோலில்தான் குடியிருக்கிறது.

*

அந்த ஆறு வாரமும் மாலை நடைக்குத் தெப்பக்குளம் பக்கம் போய்வந்தேன். 1645 வாக்கில் திருமலை நாயக்கர் வெட்டியது. என் பள்ளி நாட்களில் அது எங்கள் கிரிக்கெட் மைதானம். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும், தைப்பூசத் தெப்பத்துக்காக நீர் நிரப்புவார்கள், திருவிழா முடிந்தால் மறுபடி எங்கள் ஸ்டம்பு. இப்போது வைகையிலிருந்து கால்வாய் வழியாக நீர் வந்து குளம் நிறைந்து நிற்கிறது. படியில் உட்கார்ந்து பொரி போட்டால் மீன் வாய் திறக்கிறது. நிறைந்த குளம் என்று முன்பு ஒரு பார்வையில் முடித்துக்கொள்வேன். இப்போது பச்சை நீரைப் பார்த்தால், இதற்குள் யார் யார் எத்தனை நாளாக வேலை செய்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் கோடையில் வற்றுவது இயல்பு. அம்மாவின் ஊரில் வற்றும் தறுவாயில் துண்டை வீசி அறிவிப்பார்கள், ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கி மீன்பிடிக்கும். அதற்குப் பிறகு அடிமண்ணை, கரம்பையை, வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். அதை உரம் என்று அறிந்தவர்கள் ராதம்ஸ்டட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அள்ளியது போக அடியில் எஞ்சிய மண் வெடித்துக் காய்ந்து கிடக்கும். மழை வந்து பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறந்ததும் அந்த மண்தான் அடுத்த ஆண்டுக்கு உறை.

கண்மாயை வெறும் கொள்ளளவாகக் கணக்குப் போடும்போது இந்தக் காய்ந்த மண் கணக்கில் வராது. உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை 2004இல் எழுந்தது. ஊரைச் சுற்றி இன்னும் பல கண்மாய்கள் மனையாகவும் பேருந்து நிலையமாகவும் ஆகிவிட்டன. ஒரு குளத்தை மூடிவிட்டு வேறிடத்தில் அதே அளவு குழி வெட்டி, அடியில் சிமென்ட் போட்டு, நீரும் நிரப்பிவிட்டால் ஈடாகிவிட்டது என்று பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு என் முதல் தொட்டி நினைவுக்கு வரும். அதில் நீர் அளவு சரியாகத்தான் இருந்தது.

*

நாற்பதாம் நாள் பத்து இறால் விட்டேன். மூன்றாம் நாள் காலை மணலில் வெளிறிய ஒரு இறால் கிடந்தது. வயிறு கலங்கிவிட்டது. இடுக்கியால் எடுத்தால் எடையே இல்லை. உள்ளே ஆளும் இல்லை. சட்டை உரித்துவிட்டுப் போயிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், பத்தும் இருந்தன. மூன்று மாதத்தில் எண்ண முடியாமல் போயிற்று.

போன மாதம் ஒரு மாலை கடைக்காரர் போன் செய்தார். மீனுக்கு நோய் வந்து மருந்து ஊற்றியதில் வடிகட்டியில் இருந்ததெல்லாம் செத்துப்போய், அவர் தொட்டிகள் வரிசையாகக் கலங்கிக்கொண்டிருந்தன.

"தம்பி, அன்னைக்குக் குடுத்தேன்ல, அந்தப் பஞ்சக் கொஞ்சம் பிழிஞ்சு தாறீங்களா? இப்ப வந்து வாங்கிக்கிறேன்."

வரச் சொல்லிவிட்டுப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுக்கப் போனேன். சாமி அறையில் அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு வந்த அம்மா, என் கையிலிருந்த டம்ளரையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விளக்கு வச்சதுக்குப் பெறகு யாராச்சும் உறை குடுப்பாகளா? காலைல வரச் சொல்லுடா" என்றாள்.

காலையில் வரச் சொன்னேன்.